காற்பந்தின் பங்காளி

அமெரிக்காவில் 1996இல் ஆட்டங்களைத் தொடங்கிய தொழில்முறைக் காற்பந்துத் தொடரான மேஜர் லீக் சாக்கரால், பேஸ்பாலையும், பந்தைக் கையில் ஏந்தி ஓடிக்கொண்டே தன்னைக் காற்பந்து என அழைத்துக்கொள்ளும் ஆட்டத்தையும் எதிர்த்து நிற்க முடியுமா என்பது அந்நாட்டார் கவலை. மலேசியாவின் கோல சிலாங்கூரிலும் அதை அடுத்த தோட்டங்களிலும் அக்கவலைக்கு இடமில்லை. இங்கே காற்பந்தின் எதிரி காற்பந்தேதான்.

1921இல் தொடங்கிய மலேசியக் கிண்ணத்தை 33 முறை வென்றதும், ‘ஸ்பைடர்மேன்’ எனப் புகழ்பெற்ற கோல்காவலர் ஆர். ஆறுமுகம் ஆடியதுமான சிலாங்கூர் அணியின் மாநிலம் இது. ஆயினும் புக்கிட் ரோத்தானிலும், முன்னர் பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்ட பெஸ்தாரி ஜெயாவிலும், செம்பனைக்கு நடுவே எஞ்சிய திடலில் பந்து உதைக்கும் இளைஞரின் சிவப்புச் சட்டை பெரும்பாலும் மான்செஸ்டருக்கோ லிவர்பூலுக்கோ உரியது. சொந்த மாநில அணியின் நிறமும் சிவப்பே என்பது தற்செயல் ஒற்றுமையாகக் கருதப்படுகிறது. இங்கிலாந்தில் ஞாயிறு மாலை 4.30 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே நள்ளிரவைத் தாண்டியே முடிவதால், திங்கள் விடியலில் பெரட்டுக்கு, அதாவது வேலையாட்களின் பெயரழைப்புக்கு, நிற்கும் கண்களும் அந்நிறத்தையே ஏற்கின்றன.

உள்நாட்டு லீக்குக்கும் ஒரு பெருமை உண்டு: அதன் ஆட்டங்கள் முன்னிரவிலேயே முடிந்துவிடுவதால், இங்கிலாந்து ஆட்டங்களுக்கு இடையூறு செய்வதில்லை என ரசிகர்கள் அதை மனமாரப் பாராட்டுகின்றனர்.