சேலம் – நாமக்கல் சமவெளியில் வீடியோ கேம் திறனாய்வு: பட்டறை மரபு குறித்து ஓர் ஆராய்ச்சி

திருக்குறளுக்குப் பழைய உரை எழுதியவர்களே பத்துப் பேர் என்பார்கள். அப்படிப்பட்ட மொழியில், என்.எச். 44-இன் இரு பக்கமும் சேலத்திலிருந்து நாமக்கல் வரை தினமும் நடந்துகொண்டிருக்கும் வீடியோ கேம் உரை மரபை யாரும் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. இம்மரபின் ஆசிரியர்கள் எதையும் எழுதிவைப்பதில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். டீ ஆறுவதற்குள் கருத்தைச் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஒரு கேமைப் பற்றிப் பேச வேண்டுமானால் அதை விளையாடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் இவர்கள் ஏற்பதில்லை. பக்கத்தில் நின்று பார்த்தவனுக்கும் பேச்சுரிமை உண்டு. பார்த்தவன் சொல்லக் கேட்டவனுக்கும் ஓரளவு உண்டு.

ஆய்வுக் களம்: லாரி பாடி கட்டும் பட்டறைகள், அவற்றை ஒட்டிய டீக்கடைகள், செல்போன் ரிப்பேர் கடைகள், கோழிப்பண்ணைகள், திருச்செங்கோட்டுப் பக்கத்துக் கல்லூரி விடுதிகள். மாதிரி அளவு: பெஞ்சு கொண்ட மட்டும். மதிப்பீட்டு அலகுகள் மேலிருந்து கீழாக வேற லெவல், செம, பரவால்லீங், சுமாரு, மொக்கை. பெரும்பாலான கேம்கள் மூன்றாவது அலகிலேயே நின்றுவிடுவதைக் கண்டு வெளியூர் ஆய்வாளர்கள் மனம் தளரக் கூடாது. பெண் பார்த்துவிட்டு வந்தாலே இங்கு 'பரவால்லீங்' என்றுதான் சொல்வார்கள். நிச்சயம் பண்ண அது போதும்.

முற்காலத்தைச் சுருக்கமாகக் கடந்துவிடலாம். டிவியில் மாட்டும் கேசட், அதில் 'கான்ட்ரா', வாத்து தப்பினால் எழுந்து நின்று சிரிக்கும் நாய். பிறகு பிரவுசிங் சென்டர் காலம். 2002-இல் வெளியான 'ஜி.டி.ஏ. வைஸ் சிட்டி' இப்பகுதியில் நோட்டின் கடைசிப் பக்க இலக்கியம் ஒன்றை உண்டாக்கியது. கணக்கு நோட்டைத் திருப்பிப் பார்த்தால் பின்னாலிருந்து சீட் கோடுகள் தொடங்கும்: டாங்கி வர 'பான்ஸர்', உயிர் ஏற 'ஆஸ்பிரின்', போலீஸ் விலக 'லீவ் மீ அலோன்'. லாரி வீட்டுப் பிள்ளைகள் மூன்றாவதைத்தான் பெரிய எழுத்தில் எழுதிவைத்திருந்தார்கள். கதாநாயகன் டாமி வெர்செட்டியின் வரலாறு இங்கே முழுமையாக அறியப்படவில்லை. பொம்மை ஹெலிகாப்டரில் குண்டு தூக்கிக்கொண்டு பாதி கட்டிய கட்டடத்துக்குள் போகும் கட்டத்தோடு பலருக்குக் கதை முடிந்துவிட்டது. அதற்கப்புறம் டாமி என்ன ஆனான் என்று கேட்டால், 'அந்த ஹெலிகாப்டர்லயே மாட்டிக்கிட்டான்' என்பார்கள்.

இனி ஆய்வின் மையத்துக்கு வருவோம். செக் நாட்டின் பிராக் நகரில் இருக்கும் எஸ்.சி.எஸ். சாப்ட்வேர் நிறுவனம் 2012 அக்டோபரில் 'யூரோ டிரக் சிமுலேட்டர் 2' என்ற கேமை வெளியிட்டது. ஐரோப்பா முழுக்க லாரி ஓட்டிச் சரக்கு இறக்க வேண்டும். பிராக்கில் உட்கார்ந்து இதைச் செய்தவர்கள், உலகின் எந்த ஊரில் தங்கள் விடைத்தாளை மிகக் கறாராகத் திருத்துவார்கள் என்று எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். நாமக்கல்லில் திருத்தினார்கள்.

முதல் ஆட்சேபம் தூரத்தைப் பற்றியது. கேமின் வரைபடம் 1:19 என்ற அளவில் சுருக்கப்பட்டது. சேலத்திலிருந்து நாமக்கல் ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. பத்தொன்பதால் வகுத்தால் மூன்றுக்குள் அடங்கிவிடும். கொண்டலாம்பட்டி ரவுண்டானாவில் கியர் மாற்றி, மல்லூர் கண்ணில் படுவதற்குள் நாமக்கல் கோட்டை வந்துவிட வேண்டும். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை 3,700 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் என்.எச். 44 முழுவதும் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஆகிவிடும். காலையில் காஷ்மீர் ஆப்பிள் ஏற்றினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு நாகர்கோவில். 'அப்ப பேட்டா எத்தன நாளைக்குக் கணக்குப் போடுவாங்க?' என்று ஓட்டுநர் ஒருவர் கேட்டார். கணிதம் இவ்வளவு சீக்கிரம் கூலிப் பிரச்சினையாக மாறுவதை வேறெங்கும் காண முடியாது.

இரண்டாவது ஆட்சேபம் வண்டியைப் பற்றியது. கேமில் ஷோரூமுக்குப் போனால் ஸ்கேனியா, வால்வோ, மான் என்று முழு வண்டி மினுமினுவென்று நிற்கும். பணம் கட்டி ஓட்டிக்கொண்டு போகலாம். பட்டறைக்காரர்களுக்கு இது உறுத்துகிறது. சேஸிஸ் மட்டும் கம்பெனியிலிருந்து கிளம்பி, கேபினும் இல்லாமல் கதவும் இல்லாமல், எலும்புக்கூட்டின் மேல் ஒரு பலகையைக் கட்டி, ஹெல்மெட் மாட்டிய ஓட்டுநர் எதிர்க்காற்றில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நாமக்கல்லுக்கு ஓட்டி வந்ததை அவர்கள் பார்த்து வளர்ந்தவர்கள். அதற்கப்புறம்தான் ஆசாரி, வெல்டர், பெயிண்டர், குஷன்காரர் என்று ஒவ்வொரு கையாய்த் தொட்டு அது லாரியாகும். இன்று கம்பெனி கேபினோடு வரும் வண்டிகள் பெருகிவிட்டன என்பது உண்மைதான். ஆனாலும் கேமில் வண்டி பட்டறையில் நிற்காமலேயே ரோட்டுக்கு வருவதை, பெயர் வைக்காமலே பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புவதைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள். கண்ணாடியில் தொங்கவிடப் பொம்மைகள் விற்கிறார்கள். எலுமிச்சம்பழமும் மிளகாயும் இல்லை. 'கண்ணு பட்டா என்ன பண்ணுவான்?' என்ற கேள்விக்குப் பிராக்கில் பதில் கிடையாது.

அபராத முறைக்கு மட்டும் ஒருமனதான பாராட்டு. சிக்னலைத் தாண்டினாலோ, இருட்டில் விளக்குப் போடாமல் போனாலோ ஒரு சத்தம் வரும், கணக்கிலிருந்து பணம் போகும், திரையில் காரணம் தெரியும். வண்டியை ஓரங்கட்டச் சொல்வதில்லை. பேச்சுவார்த்தை இல்லை. 'என்ன தப்பு, எவ்வளவு காசுன்னு சொல்லிட்டு எடுக்கறானே, அதுவே பெரிய விசயமுங்க' என்றார் ஒரு பெரியவர்.

இடப்பக்கம் ஓட்டிப் பழகிய கைக்கு ஐரோப்பா ஒத்துவரவில்லை. ஆகவே விவரமான இளைஞர்கள் கம்பெனியை இங்கிலாந்தில் ஆரம்பிக்கிறார்கள். டோவரில் கப்பல் ஏறும் வரை தொழில் நன்றாக நடக்கும். கலேயில் இறங்கிய முதல் வளைவில் கண்டெய்னர் லாரியோடு நேருக்கு நேர். இச்சிக்கலுக்கு வரலாறு தந்த விடைதான் 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா'. மலேயோ என்ற நிறுவனம் 2017-இல் வெளியிட்ட மொபைல் கேம். இந்தோனேசியாவிலும் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். அங்கே பிள்ளைகள் ரோட்டோரம் நின்று, பாட்டு ஹாரன் அடிக்கச் சொல்லி 'ஓம் தெலோலெட் ஓம்' என்று பஸ் ஓட்டுநர்களிடம் கெஞ்சுவார்களாம். ஏர் ஹாரனுக்காகவே பஸ் ஸ்டாண்டில் காத்துக் கிடந்த தலைமுறைக்கு இதற்குமேல் அறிமுகம் தேவைப்படவில்லை. வண்டியின் உருவத்தையும் வண்ணத்தையும் நாமே மாற்றிக்கொள்ளலாம் என்பதால், அரசு பஸ்ஸின் பச்சையும் தனியார் பஸ்ஸின் பூப்போட்ட பக்கவாட்டும் அப்படியே ஏற்றப்பட்டன. முகப்பில் 'சேலம் – ராசிபுரம் – நாமக்கல்' என்ற பலகையோடு ஜாவாத் தீவில் பஸ்கள் ஓடத் தொடங்கின. ராஜேந்திர சோழனின் கடற்படை ஸ்ரீவிஜயத்துக்குப் போனது 1025-இல். அதற்கப்புறம் அந்தப் பக்கம் தமிழர்கள் இத்தனை வண்டிகளோடு போனது இப்போதுதான் என்பது என் துணிபு.

ஆனால் இங்கும் குறை உண்டு. பயணிகள் ஏறுகிறார்கள், உட்காருகிறார்கள், இறங்குகிறார்கள். 'ஆண்டகலூர் கேட் நிக்குங்களா?' என்று ஒருவரும் கேட்பதில்லை. சில்லறைத் தகராறு இல்லை. விசில் ஊதக் கண்டக்டர் இல்லை. நேரமாகியும் எடுக்காமல், இன்னும் நாலு பேர் வரட்டும் என்று எஞ்சினை உறுமவிட்டு நிற்கும் அந்தப் பத்து நிமிஷம் இல்லவே இல்லை.

இந்த இடத்தில்தான் ஆய்வாளருக்கு ஒரு கருதுகோள் தட்டுப்பட்டது. பட்டறை மரபினர் எந்தக் கேமைக் குறை சொன்னாலும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகிறார்கள்: தொழிலிலிருந்து காத்திருப்பைக் கழித்தால் மிஞ்சுவது கேம். நிஜ லாரி ஓடுவதைவிட நிற்பது அதிகம். இறக்கிய ஊரில் ரிட்டர்ன் லோடுக்காகப் புக்கிங் ஆபீஸ் வாசலில் நாள் கணக்கில் நிற்கும். கயிற்றில் லுங்கி காயும். வண்டி நிழலில் ஸ்டவ்வில் சாதம் கொதிக்கும். ஏற்ற ஒரு நாள், தார்ப்பாய் கட்ட ஒரு பொழுது, இறக்க இன்னொரு வரிசை. யூரோ டிரக்கில் லோடு பட்டியல் எப்போது திறந்தாலும் நிரம்பி வழிகிறது. தூக்கம் வந்தால்கூட ஓரங்கட்டி ஒரு பட்டனை அமுக்கினால் விடிந்துவிடுகிறது.

கருதுகோளைக் கோழிப்பண்ணையில் வைத்துச் சோதித்தேன். ஆக்ஸ்பிரெய்ன் நிறுவனம் 2016-இல் வெளியிட்ட 'எக் இன்க்' என்ற கேம் உண்டு. சிவப்பு பட்டனை அமுக்கிப் பிடித்தால் குஞ்சுப் பொரிப்பகத்திலிருந்து கோழிகள் தபதபவென்று ஓடிப்போய்க் கொட்டகைக்குள் புகும். புகுந்த கணமே முட்டைக் காசு ஏறத் தொடங்கும். போகப் போகச் சாதாரண முட்டை மருந்து முட்டையாகி, ராக்கெட் எரிபொருள் முட்டையும் ஆகும். பண்ணைக்காரர் ஒருவர் இதைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு மூன்று கேள்விகள் கேட்டார். குஞ்சு இறக்கினால் பதினெட்டு, இருபது வாரம் தீவனம் போட்டுக் காத்திருக்க வேண்டுமே, அது எங்கே? தீவனம் எங்கே? மக்காச்சோளம் என்ன விலைக்கு எடுக்கிறான்? ராக்கெட் எரிபொருள் முட்டையை அவர் ஆட்சேபிக்கவில்லை. 'அதெல்லாம் வரட்டுமுங்க, நல்லதுதான். ஆனா அதுக்கும் நெக்காரங்க ரேட்டு போடுவாங்கல்ல?' என்றார். நெக் எனப்படும் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு பைசாக் கணக்கில் அறிவிக்கும் விலையைப் பார்த்துப் பார்த்தே நரைத்த தலை அது.

'பப்ஜி' விதிவிலக்கு. அந்த விதிவிலக்கே கருதுகோளை உறுதி செய்கிறது. நூறு பேர் குதிக்கும் தீவில், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தால் முதல் பத்துக்குள் வந்துவிடலாம். காத்திருப்புக்குக் கூலி தரும் கேம் இது ஒன்றுதான் என்பதால் இங்கே அது வேற லெவல் பட்டம் பெற்றது. 2020 செப்டம்பரில் தடை வந்தது. 2021 ஜூலையில் 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' என்று பெயர் மாற்றி, ரத்தத்தைப் பச்சையாக்கி வந்தபோதும் குளியலறைகள் அப்படியே இருந்தன. ஜெயித்தவருக்குச் 'சிக்கன் டின்னர்' என்று வருவதை மட்டும் நாமக்கல்காரர்கள் திருத்துகிறார்கள்: இங்கே முட்டைக்கோழி, கறிக்கோழிக்குப் பல்லடம். நூறு பேரைத் தாண்டி வந்தவனுக்கு முட்டையிட்டு ஓய்ந்த கோழியையா போடுவது?

டொரன்டோவில் உருவாகி 2023-இல் வெளிவந்த 'வெண்பா', கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்தின் சமையலறைக் கதை. 2024-இல் பாப்டா விருதும் வாங்கியது. தட்டுகளை எந்த வரிசையில் அடுக்கினால் ஆவி எல்லாக் குழிக்கும் போகும் என்று யோசித்து இட்லி வைக்க வேண்டும். சேலத்து அக்கா ஒருவர் நெகிழ்ந்துதான் பார்த்தார். ஆனால் மாவு பொங்க ஒரு ராத்திரி காத்திருக்காமல் வந்த இட்லியை அவர் இட்லியாக ஏற்கவில்லை. தட்டுவடை செட் இல்லாததையும் குறித்துக்கொண்டார்.

மாற்றுக் கருத்து ஒன்றையும் பதிவு செய்வது ஆய்வறம். கிராபிக்ஸ்தான் முக்கியம் என்று விடுதி மாணவர்கள் சிலர் வாதிட்டார்கள். இரவு இரண்டு மணிக்குச் சொன்னதால் அது கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை.

களச் சோதனையின் உச்சம் மல்லூர்ப் பக்கம் ஒரு வீட்டில் நடந்தது. நேஷனல் பெர்மிட் லாரி ஓட்டி ஓய்ந்த மாமாவை, மருமகன் தன் கம்ப்யூட்டர் ஸ்டியரிங் முன் உட்கார வைத்தான். ரோட்டில் ஓட்டுவதெல்லாம் சுலபமாக முடிந்தது. டிரெய்லரைப் பின்னால் எடுத்துக் கட்டத்துக்குள் நிறுத்தும் இடம் வந்ததும் மாமா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

'கிளீனர் எங்கடா?'

'கிளீனரெல்லாம் இல்லீங் மாமா. கண்ணாடியப் பாத்து நீங்களே எடுக்கோணும்.'

'அப்பறம் பின்னால ஆரு தட்டறது?'

கடைசியில் மருமகன் எழுந்து மானிட்டருக்குப் பக்கத்தில் நின்று, மேசையைத் தட்டிக்கொண்டே 'வரட்டும்... வரட்டும்... லெப்ட்ல ஒடிங்க... வரட்டும்... போதும்!' என்று கத்தினான். டிரெய்லர் கோட்டுக்குள் கச்சிதமாகப் போய் நின்றது. திரையில் மாமாவுக்கு மதிப்பெண் ஏறியது. கிளீனருக்கு ஒன்றும் ஏறவில்லை. 'கேமு பரவால்லடா மாப்ள. நீதான் இன்னும் கொஞ்சம் பலமாத் தட்டியிருக்கோணும்' என்பது மாமாவின் திறனாய்வு.

லாரி உரிமையாளர்களின் கருத்து இதிலிருந்து வேறுபடுகிறது. யூரோ டிரக்கில் பணம் சேர்ந்ததும் ஷெட் வாங்கி, ஓட்டுநர்களை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். அவர்கள் முகத்தைப் படத்தில் பார்ப்பதோடு சரி. தாங்களே லோடு பிடித்து, தாங்களே ஓட்டி, வரவுசெலவை அனுப்பிவிடுவார்கள். சில நேரம் திரும்பும்போது வண்டி காலியாக வந்ததாகவும் கணக்கில் இருக்கும். அந்த மட்டுக்கும் கேமில் நேர்மை உண்டு. அட்வான்ஸ் கேட்பதில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்கள் மாசிவரை போனை எடுக்காமல் இருப்பதில்லை. சங்ககிரியில் ஓட்டுநர் கிடைக்காமல் வண்டிகளை ஷெட்டில் நிறுத்தி வைத்திருந்த ஒருவரிடம் இவ்வசதியை விரிவாக விளக்கினேன். பாதியிலேயே பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்துவிட்டார்.

'அந்த டிரைவருங்க நம்பர் கெடைக்குங்களா சார்?'