எஞ்சின் சூத்திரமும் அதன் பாஷ்யகாரர்களும்

வேதத்திற்கும் வியாகரணத்திற்கும் உரை வகுத்தோரின் பெருமையைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்துவரும் பண்டிதர்கள், எண்ணெய்க் கறை படிந்த விரல்களால் விதிநூலைப் புரட்டி உரை காணும் ஒரு சம்பிரதாயத்தாரை இன்றளவும் கவனியாதிருப்பது வியப்பிற்குரியது. 1944இல் தோன்றிய அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் சங்கத்தின் 'இம்ப்ரூவ்ட் டூரிங்' பிரிவில், கைப்பொருளைச் செலவிட்டு ஓய்வு நாட்களில் பந்தயம் ஓட்டும் கிருஹஸ்தர்களே அவர்கள்.

இவர்களிடையே வழங்கும் மகாவாக்கியம், 'செய்யலாம் என்று சொல்லப்படாதது செய்யத் தகாதது' என்பதாகும். மௌனம் சம்மதம் என்னும் லௌகிக நியாயம் இங்கே செல்லாது, மௌனமே நிஷேதம். சிலிண்டரை 0.040 அங்குலம் வரை அகலப்படுத்தலாம், அழுத்த விகிதத்தை 0.5 அளவு உயர்த்தலாம், இன்டேக் மேனிஃபோல்டு சிலிண்டர் ஹெட்டோடு பொருந்துமிடத்தில் ஓரங்குல ஆழம் வரை தேய்க்கலாம் என்றெல்லாம் சூத்திரகாரர் அளந்து விதித்தது, குறைந்த செலவில் பந்தயம் நடைபெறவேண்டும் என்னும் கருணையினாலேயே. ஆயினும், அனுமதித்த அளவின் கடைசி மயிரிழை வரை செல்லாதவன் பின்தங்கிவிடுவான் ஆதலால், 'செய்யலாம்' என்ற அநுக்ஞை 'செய்தே தீரவேண்டும்' என்ற விதியாகப் பரிணமித்தது.

இம்மரபின் சிகரம் பெட்டி வாதமாகும். எஞ்சினை ஆளும் கணினியை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் மாற்றம் யாவும் அதன் அசல் பெட்டிக்குள் அடங்கவேண்டும் என்று ஒரு காலத்தில் விதி இருந்தது. சில்லு ஒன்றை மாற்றுவதற்கே இது இடந்தருகிறது என்பது பூர்வபக்ஷம். சித்தாந்திகளோ, பெட்டியின் உள்ளிருந்தவற்றை அகற்றிவிட்டு, மோட்டெக் போன்ற விலையுயர்ந்த பந்தயக் கணினியையே அதனுள் பிரதிஷ்டை செய்தனர். விதியின் எழுத்துக்கு யாதொரு ஊறும் நேரவில்லை. அதன் நோக்கம் மட்டும் பெட்டிக்குள் இடங்கிடைக்காமல் வெளியே நின்றது. விசாலமான பெட்டியோடு பிறந்த கார்கள் பாக்கியசாலிகள்; குறுகிய பெட்டியோடு பிறந்தவை பூர்வஜன்ம வினையை நொந்துகொண்டன. பின்னர்ச் சங்கமே அந்நிபந்தனையைத் தளர்த்தும்படி ஆயிற்று.

இத்தகைய சாமர்த்தியசாலிகளே, முன்கண்ணாடி கழுவும் நீர்ப்புட்டியைக் கழற்றலாம் என்று எங்கும் எழுதப்படாமையால், பந்தயத்தில் யாதொரு பயனுமில்லாத அப்புட்டியை நெடுங்காலம் சுமந்துகொண்டே ஓடினர் என்பதை நோக்குங்கால், அவர்கள் விதியை ஏய்த்தவர்கள் என்ற அபவாதம் அடிபட்டுப்போகிறது. மலிவுக்கென்று எழுதிய விதி செலவை வளர்த்ததும், வீண் புட்டியைக் காத்ததும் ஒரே நியாயத்தின் பயன்கள்: எழுத்தே பிரமாணம், எழுதியவர் கருதியது பிரமாணமன்று.