காலியிடம் தேடும் ஓட்டக்காரர்

கல்லூரி திறந்த முதல் வாரமே மைதானத்தில் தென்படுகிற ஒரு ரகம் உண்டு. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வந்தவர்கள் ஸ்பைக்ஸைக் கட்டிக்கொண்டு டிராக்கில் இறங்கியிருக்க, கவுன்சலிங்கில் சீட் வாங்கி வந்த இவர் வேப்பமர நிழலில் நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருப்பார். நூறு மீட்டருக்குப் பதினோரு பேர். அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார். இருநூறுக்கும் அதே பதினோரு பேர். அதையும் அடித்துவிடுவார்.

இவருக்கு ஆசை ஓட்டத்தின் மேல் இல்லை, டீமின் மேல். முதுகில் கல்லூரிப் பெயர் போட்ட டிராக் சூட், மீட் நடக்கும் நாட்களுக்கு ஆன் டியூட்டி (ஓ.டி.). இரண்டும் கிடைத்துவிட்டால், 75 சதவீத வருகைப் பதிவு என்ற பூதம் பாதி அடங்கிவிடும். எனவே தன் காலுக்கு எது வரும் என்று பார்க்காமல், எதில் ஆளே இல்லை என்று பார்ப்பார்.

மணல் குழிப் பக்கம் போனால் அங்கேயும் கும்பல். 2023-இல் நீளம் தாண்டுதலில் ஜெஸ்வின் ஆல்ட்ரின் 8.42 மீட்டர், மும்முறைத் தாண்டுதலில் பிரவீன் சித்திரவேல் 17.37 மீட்டர் என்று தேசிய சாதனை படைத்தார்கள். “ரெண்டு பேரும் தமிழ்நாட்டுக்காரங்க மச்சி. நம்ம வழியை நம்மாளுங்களே அடைச்சிட்டாங்க” என்று ரூம்மேட்டிடம் வருத்தப்படுவார்.

சங்கிலிக் குண்டுக்கு ஆளே இல்லை என்று தெரிந்ததும் முகம் மலரும். குண்டு 7.26 கிலோ, கம்பியோடு சேர்த்து நாலடிக்குக் கொஞ்சம் குறைவான நீளம். முதல் சுற்றில் இவர் குண்டைச் சுற்றுவார். இரண்டாவது சுற்றில் குண்டு இவரைச் சுற்றும். வலைக்கு வெளியே நின்றவர்கள் இன்னும் பத்தடி தள்ளிப் போய் நிற்பார்கள். ஏன் ஆளே இல்லை என்பது அப்போதுதான் இவருக்கு விளங்கும்.

அடுத்து நடைப்போட்டி. “நடக்கத்தானே சார், பொறந்ததிலேர்ந்து நடக்கிறேன்.” ஆனால் அது வேறு நடை. எந்த நேரமும் ஒரு பாதமாவது தரையில் இருப்பது நடுவரின் கண்ணுக்குத் தெரிய வேண்டும். முன்னே வைத்த கால், தரையைத் தொட்டதிலிருந்து உடம்புக்கு நேர்கீழே வரும்வரை முழங்கால் மடங்கக் கூடாது. இதற்கு இடுப்பை ஆட்டித்தான் ஆக வேண்டும். லேடீஸ் ஹாஸ்டல் ஜன்னல்களோ மைதானத்தைப் பார்த்துத்தான் இருக்கின்றன. இரண்டு ரவுண்டில் இவர் ஷூ லேஸ் கட்டக் குனிவார். அப்படியே வெளியேறிவிடுவார்.

பிறகு, 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ். அவினாஷ் சாப்ளே ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் தடகளத்துக்கே வந்தார் என்று எங்கோ படித்துவிட்டு வந்து பி.டி. சாரிடம் ஒப்பிப்பார். உண்மைதான். ஆனால் சாப்ளேயைக் குறுக்கோட்டத்திலிருந்து ஸ்டீபிள்சேஸுக்கு மாற்றியது அவர் ஓடுவதைப் பார்த்த பயிற்சியாளர். நம்மவர் ஓடி இதுவரை யாரும் பார்த்ததில்லை. தடைகள் 28, தண்ணீர்ப் பள்ளம் 7 என்று கேட்டதும், “தண்ணி எவ்வளவு ஆழம் சார்?” என்பார். முட்டினாலும் அந்தக் கட்டை விழாது, நாம்தான் விழ வேண்டும் என்று சார் சொன்னதும் பேச்சை மாற்றுவார்.

இவர் கணக்கை முழுக்கத் தப்பென்று சொல்ல மாட்டேன். கம்பூன்றித் தாண்டுதலுக்குப் பல கல்லூரிகளில் கம்பும் கிடையாது, மெத்தையும் கிடையாது. அதைக் கற்றவன் டீமுக்கு வந்தால் புள்ளி நிச்சயம். எந்த பி.டி. சாரும் இதை மறுக்க மாட்டார்.

கடைசியில் டெக்கத்லானைக் கண்டுபிடித்துவிட்டார். இரண்டு நாள், பத்துப் போட்டி, பெயர் கொடுத்தவர் எவருமில்லை. “பத்துல ஒண்ணாவது நமக்கு ஒத்து வராதா சார்?”

பி.டி. சார் விசிலை வாயிலிருந்து எடுத்தார். “அதெல்லாம் இருக்கட்டும். மொதல்ல ஒரு ரவுண்டு ஓடிட்டு வாடா.”

“ஒரு ரவுண்டுன்னா நானூறு மீட்டர் சார். அதுல ஏற்கெனவே ஆறு பேர் இருக்காங்க.”