பட்டத்தைப் பார்த்து கிராபிக்ஸ் கார்டு வாங்குவது எப்படி?

கிராபிக்ஸ் கார்டு வாங்க ஆராய்ச்சி எதற்கு? பெட்டியிலேயே பெயரைக் கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் பி.இ., எம்.பி.ஏ. என்று போடுவதுபோல, கார்டின் பெயருக்குப் பின்னாலும் டிஐ, சூப்பர், எக்ஸ்டி, எக்ஸ்டிஎக்ஸ் என்று பட்டங்கள் வரிசை கட்டி நிற்கும். அந்தப் பட்டங்களை மட்டும் நம்பிப் பணத்தை எண்ணி வைக்கத் துணிந்தவர்களுக்கான வழிகாட்டி இது. விதிகள் ஏழு.

விதி 1: எழுத்து கூடினால் வேகம் கூடும்

ஏஎம்டி நிறுவனமே இதற்குச் சாட்சி. ரேடியான் ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டி கார்டில் 84 கம்ப்யூட் யூனிட்டுகள், 20 ஜிபி மெமரி. 7900 எக்ஸ்டிஎக்ஸ் கார்டில் 96 யூனிட்டுகள், 24 ஜிபி. கூடுதலாக ஓர் எழுத்து, கூடுதலாக 12 யூனிட்டுகள். இதே கணக்குப்படி, மூன்றெழுத்துப் பட்டம் பெற்ற 7900 ஜிஆர்இ, எக்ஸ்டியை முந்தியாக வேண்டும். அதில் இருப்பதோ 80 யூனிட்டுகளும் 16 ஜிபியும். 2023 சீனர்களுக்கு முயல் ஆண்டு; அந்த ஆண்டு முதலில் சீனாவில் வந்ததால் அதற்குக் ‘கோல்டன் ராபிட் எடிஷன்’ என்று பெயர். மூன்று 7900-களிலும் பின்தங்குவது இந்த முயல்தான். முயல் தோற்பது நமக்கென்ன புதிதா?

விதி 2: ஒரே பட்டத்துக்கு எங்கேயும் ஒரே மதிப்பு

2003-இல் ஏடிஐ நிறுவனம் ரேடியான் 9800 எக்ஸ்டியை வெளியிட்டது. அந்த வரிசையின் உச்சி அதுதான். அதே ஆண்டு என்விடியாவும் ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5900 எக்ஸ்டி என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பட்டமே இல்லாத 5900-ஐவிட இதில் கடிகார வேகம் குறைவு, விலையும் குறைவு. ஒரு கம்பெனியில் மகுடம், எதிர்க் கம்பெனியில் தள்ளுபடிச் சீட்டு. எக்ஸ்டி என்று கண்ணில் பட்டதும் எந்தக் கம்பெனி என்று பார்க்காமல் வாங்கியவர்கள்தான் இந்த விதியின் உண்மையான தொண்டர்கள்.

2022-இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியையும் இந்த இடத்தில் வணங்கிவிடுவோம். 4 ஜிபி மெமரி, 64 பிட் மெமரி பஸ், மதர்போர்டோடு பேச நான்கே நான்கு பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதைகள். பழைய பிசிஐஇ 3.0 போர்டில் சொருகினால் வேகம் இன்னும் இறங்கும். எக்ஸ்டி இல்லாத வெறும் 6500-ஐ அதோடு கூடவே வெளியிடவில்லை. அப்படியானால் யாரைவிட இது எக்ஸ்டி? அந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் முதல் விதிக்கே லாயக்கில்லாதவர்கள்.

விதி 3: எண் பெரிதென்றால் கார்டு புதிது

மூன்றைவிட நான்கு பெரியது; இதற்குக் கால்குலேட்டர் வேண்டாம். 2001-இல் வந்த ஜீஃபோர்ஸ் 3, நிரல் எழுதி இயக்கக்கூடிய ஷேடர்களைக் கொண்டுவந்தது. 2002-இல் வந்த ஜீஃபோர்ஸ் 4 எம்எக்ஸ், ஜீஃபோர்ஸ் 2 வம்சத்தில் பிறந்தது. பிக்சல் ஷேடர் அதற்குக் கிடையாது. அந்த வசதியைக் கேட்ட விளையாட்டுகளில் நான்காம் நம்பர் திணறியது, மூன்றாம் நம்பர் ஓடியது.

பெயர் மாற்றிக்கொள்வதிலும் என்விடியாவுக்கு நல்ல பழக்கம் உண்டு. 2007-இல் 8800 ஜிடி என்று வந்தது, மறு ஆண்டே 9800 ஜிடி ஆகிவிட்டது. 9800 ஜிடிஎக்ஸ் பிளஸ் என்று இருந்தது, 2009-இல் ஜிடிஎஸ் 250 என்று புதுப் பெயர் சூட்டிக்கொண்டது. இரண்டிலும் உள்ளே இருந்தது அதே ஜி92 வகைச் சில்லு. புதுப் பெயருக்குப் புதுப் பணம் கொடுப்பதுதானே மரியாதை?

விதி 4: டிஐ பெரிதா, சூப்பர் பெரிதா என்று குழம்பாதீர்கள்

இந்த விதியில் ஒரு சங்கடம்: இது பெரும்பாலும் உண்மை. ஆர்டிஎக்ஸ் 4070 என்ற ஒரே எண்ணுக்குள் ஏறுவரிசை இப்படி: வெறும் 4070-க்கு 5888 கோர்கள், 4070 சூப்பருக்கு 7168, 4070 டிஐக்கு 7680, 4070 டிஐ சூப்பருக்கு 8448. மெமரி முதல் மூன்றுக்கும் 12 ஜிபி, கடைசிக்கு மட்டும் 16. ஒழுங்கான ஏணி. ஆகவே ஏணியை விட்டு ஏணி தாவினால்தான் நம் வழிகாட்டிக்கு வேலை. 2023-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060, 2020-இல் வந்த 3060 டிஐக்குப் பல விளையாட்டுகளில் சமமாகவோ சற்றுப் பின்தங்கியோதான் நிற்கிறது. புதியது மின்சாரம் கம்மியாகக் குடிக்கும் என்பது வேறு கதை.

விதி 5: ஜிபியெல்லாம் மெமரி அளவு மட்டுமே

2016-இல் ஜிடிஎக்ஸ் 1060 இரண்டு விதமாக வந்தது: 3 ஜிபி, 6 ஜிபி. வித்தியாசம் மெமரியில் மட்டும்தான் என்று நம்பி 3 ஜிபி வாங்கியவர்களுக்கு 1280 கோர்களுக்குப் பதில் 1152 கிடைத்தன. ஜிடி 1030 இன்னும் சமர்த்து. ஜிடிடிஆர்5 மெமரியோடு வந்ததன் அலைவரிசை விநாடிக்கு 48 ஜிபி. 2018-இல் டிடிஆர்4 மெமரியோடு வந்ததற்கு 16.8. இரண்டுக்கும் பெயர் ஒன்றே, இரண்டிலும் 2 ஜிபி. மெமரி என்ன ரகம் என்பது பெட்டியில் பொடி எழுத்தில் இருக்கும். பொடி எழுத்தைப் படிப்பது நம் கொள்கைக்கு விரோதம்.

2022 செப்டம்பரில் என்விடியா ஆர்டிஎக்ஸ் 4080-ஐ 16 ஜிபி, 12 ஜிபி என்று இரண்டாக அறிவித்தது. முதலாவதில் 9728 கோர்கள், இரண்டாவதில் 7680, சில்லே வேறு. எதிர்ப்புக் கிளம்பியதும் அக்டோபரில் 12 ஜிபியைத் திரும்பப் பெற்றார்கள். 2023 ஜனவரியில் அதுவே 4070 டிஐ ஆகி வந்தது. 899 டாலர் 799 ஆனது. பெயரை மட்டும் திருத்தியதில் 100 டாலர் குறைந்த அதிசயம் இது.

விதி 6: லேப்டாப்பிலும் அதே பெயர், அதே பலம்

மேசைக் கணினிக்கான ஆர்டிஎக்ஸ் 4090-இல் 16384 கோர்கள், 24 ஜிபி மெமரி, 450 வாட். லேப்டாப் 4090-இல் 9728 கோர்கள், 16 ஜிபி, தயாரிப்பாளர் விட்டுவைத்த அளவுக்கு வாட். முன்பெல்லாம் 980எம் என்று ஓர் ‘எம்’ போட்டு நம்மை எச்சரித்தார்கள். இப்போது அந்த ஓரெழுத்து உபத்திரவமும் இல்லை. ஒரே பெயர் கொண்ட இரண்டு லேப்டாப்புகளில் ஒன்றுக்கு 80 வாட்டும் மற்றொன்றுக்கு 150 வாட்டும் ஒதுக்கியிருக்கலாம். மெல்லிசாக இருப்பதைப் பார்த்து மயங்குங்கள். வாட் கேட்டுக் கடைக்காரரைச் சிரமப்படுத்தாதீர்கள்.

விதி 7: பெட்டியில் ஓசி என்றிருந்தால் கூடுதலாகக் கொடுங்கள்

ஓசி என்றால் இலவசம் அல்ல. தொழிற்சாலையிலேயே கடிகாரத்தைக் கொஞ்சம் முடுக்கிவிட்டது. பலன் சில சதவீதம். அடுத்த படியில் உள்ள கார்டின் விலைக்கே நெருங்கிவிடும் அளவுக்கு இதற்குப் பணம் கொடுத்தால் இந்த வழிகாட்டியில் நீங்கள் முழுத் தேர்ச்சி.

இத்தனை சொல்லியும் பட்டத்தை நம்ப மறுக்கும் பிடிவாதக்காரர்கள் இருப்பார்கள். அவர்களுக்குக் கடைசியாக ஒன்று. பட்டங்களை ஒரே கம்பெனி, ஒரே தலைமுறை, ஒரே எண் என்ற எல்லைக்குள் வைத்து மட்டும் ஒப்பிடுங்கள். மெமரி எவ்வளவு, என்ன ரகம், எத்தனை பிட் பஸ் என்று பாருங்கள். லேப்டாப் என்றால் வாட்டை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நீங்கள் ஆடும் விளையாட்டை, உங்கள் திரையின் ரெசல்யூஷனில், அந்தக் கார்டு விநாடிக்கு எத்தனை ஃபிரேம் ஓட்டுகிறது என்ற சோதனை முடிவைப் பார்த்த பிறகே பர்ஸைத் திறங்கள். பின்னால் வரும் எழுத்துகளை வைப்பது விற்பனைப் பிரிவு. விளையாட்டை ஓட்டுவது சில்லு.