ஏணிக்கு இரண்டு நிமிட மௌனம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் மூன்றாம் வகுப்பு டீச்சருக்குப் படத்திறப்பு. மண்டப வாசலில் ஃபிளெக்ஸ். அதன் ஒரு மூலையில் டீச்சர் படம் பாஸ்போர்ட் அளவில் இருந்தது. மீதி இடமெல்லாம் ‘கண்ணீருடன்’ என்று போட்டுக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் முன்னாள் மாணவர்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். கடைசி வரிசையில் கூலிங் கிளாஸோடு நானும் இருந்தேன் என்பது வேறு விஷயம்.

பொறுக்க முடியாமல் போனது ஏணிதான்.

முதலில் பேசியவர் டீச்சரை ஏணி என்றார். கைதட்டினார்கள். இரங்கல் கூட்டத்தில் என்ன கைதட்டல் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாமவரும் ஏணி என்றார். மூன்றாமவர் விவரமானவர். “முன்னால் பேசியவர்கள் ஏணி என்றார்கள், நான் தோணி என்பேன்” என்று நிறுத்தி, கைதட்டலுக்குக் காத்திருந்தார். நான்காமவர் ஏணியும் தோணியும் என்று சமாதானம் செய்துவைத்தார். ஐந்தாமவர் தாமதமாக வந்ததால் மறுபடி ஏணியில் முதல் படியிலிருந்து தொடங்கினார். நடுவில் மெழுகுவர்த்தியும் கலங்கரை விளக்கமும் வந்துபோயின. ஏணி, தோணி, வாத்தியார், நாரத்தங்காய் என்று பழைய ஆட்கள் ஒரு வரிசை சொல்வார்கள். மற்றதையெல்லாம் செரிக்கவைக்கிற நாரத்தங்காய் தான் மட்டும் செரிக்காதாம். டீச்சருக்குப் பொருந்தக்கூடியது அது ஒன்றுதான். கல்வி அதிகாரிகளுக்கு அவர் கடைசிவரை செரிக்கவேயில்லை. அதை ஒருவரும் தொடவில்லை.

தெரியாமல்தான் கேட்கிறேன், இவர்களில் யாராவது ஏணியைப் பார்த்திருக்கிறார்களா? எங்கள் வீட்டில் ஒரு மூங்கில் ஏணி இருந்தது. மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் சாத்திவைத்திருக்கும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது மட்டும் அதற்கு மரியாதை. மற்ற நாளெல்லாம் அதில் கோழி அடையும், ஈரத்துண்டு காயும். பக்கத்து வீட்டுக்காரர் இரவல் வாங்கிப் போய், நாம் போய்க் கேட்கும்வரை திருப்பித் தரமாட்டார். மூன்றாவது படி கிடையாது. புதிதாக ஏறுகிறவனுக்கு அதைச் சொல்லவும் மாட்டோம். கடைசியில் அது வெந்நீர் அடுப்புக்குள் போனது. ஒருவரும் படம் திறக்கவில்லை.

அந்த ஏணி ஒரு நாளாவது “நேத்து ஏன்டா வரல?” என்று கேட்டதா? கால் வைக்கும்போது “நகத்தைக் காட்டு” என்றதா? சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அப்பாவிடம் எல்லாவற்றையும் போட்டுக்கொடுத்து, அம்மா கையால் காப்பியும் குடித்துவிட்டுப் போனதா? அப்புறம், ஏற்றிவிட்டு அங்கேயே நிற்கிறார் என்கிறார்கள். எங்கே நிற்க விட்டார்கள்? மாறுதல் உத்தரவு ஊர் ஊராகத் துரத்திக்கொண்டே இருந்தது. நாங்கள் மட்டும் எங்கே ஏறிவிட்டோமாம்? மேடையில் பேசியவர்களில் பாதிப் பேர் வீட்டுக்கடனில் கழுத்துவரை இறங்கியிருக்கிறார்கள். நான் ஏறுவதெல்லாம் பறக்கும் ரயில் நிலையத்துப் படி. அதுவும் எஸ்கலேட்டர் ஓடாத நாளில், அதாவது எல்லா நாளும்.

என் முறை வந்தது. “நேரமின்மை காரணமாக இரண்டே நிமிடம்” என்றார் தொகுப்பாளர். அதற்குள் பந்தியிலிருந்து சாம்பார் வாசனை கிளம்பிவிட்டது. எதிரே நாற்காலிகள் மரியாதையாக உட்கார்ந்திருந்தன. தொண்டையைச் செருமினேன். வழியை மறித்து நிற்கும் வெள்ளை ஸ்விஃப்ட் யாருடையது என்று அறிவிப்பதற்காக மைக்கை வாங்கிக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை. ஆகவே நீங்கள் கேட்டாக வேண்டும்.

நான் சொல்ல இருந்தது வாழைப்பழக் கணக்கு. வகுத்தலில் மீதி என்றால் என்ன என்பதை ஒரு சீப்புப் பழத்தை வைத்து டீச்சர் எங்களுக்குக் காட்டிய கதை. அதைச் சொல்லியிருந்தால் பந்தியிலிருந்து இலையை விட்டு எழுந்து வந்திருப்பார்கள். அதற்கு முன்னால் சுவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் புரியாது.

எங்களுடையது ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஐந்து வகுப்புக்கு எச்.எம். சாரும் டீச்சரும் மட்டும். இருந்த ஒரே கரும்பலகை எங்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. ஒரு நாள் டீச்சர் எங்களை அடுப்புக்கரியும் ஊமத்தை இலையும் கொண்டுவரச் சொன்னார். இரண்டையும் சேர்த்து அரைத்து, சுவரின் அடிப்பாகத்தை எங்கள் உயரத்துக்குச் சுற்றிலும் பூசவைத்தார். ஆளுக்கு ஒன்றரை முழம் சுவர் சொந்தம். சுண்ணாம்புக்கட்டித் துண்டால் அதில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். நான் எழுதியது பக்கத்துச் சுவர்க்காரனைப் பற்றி. கையும் சட்டையும் கரியாகி, நான்கைந்து அம்மாக்கள் சண்டைக்கே வந்துவிட்டார்கள். “வெள்ளையடிச்ச பில்லே இன்னும் பாஸாகல டீச்சர்” என்று எச்.எம். சார் அலறினார். “உங்க கண்ணு மட்டத்துக்கு எல்லாம் வெள்ளையாத்தானே சார் இருக்கு” என்றார் டீச்சர்.

செயல்வழிக் கற்றல் என்ற திட்டம் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007–08இல் தமிழ்நாடு முழுவதற்கும் வந்தது. பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார வேண்டும், டீச்சரும் பாயில் உட்கார வேண்டும், கையில் அட்டைகள், சுவரின் அடிப்பாகத்தில் பிள்ளைகளுக்குக் கரும்பலகை. ஓய்வு பெறப்போகிற வயதில் எங்கள் டீச்சருக்கும் இதற்குப் பயிற்சி கொடுத்தார்கள். எந்த இலை என்று மட்டும் கேட்டாராம். பயிற்றுநருக்குப் புரியவில்லை. அந்தத் திட்டத்திலேயே ஓர் ஏணிப் படம் இருந்தது. தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பிள்ளையே பார்த்துக்கொள்ளும். தொடக்கப் பள்ளியில் உருப்படியான ஏணி அது ஒன்றுதான், அதுவும் வெறும் படம்.

வாழைப்பழத்துக்கு வருகிறேன். ஆனால் லென்ஸை விட்டுவிட்டுப் போக முடியாது. 1987இல் மத்திய அரசு கரும்பலகைத் திட்டம் கொண்டுவந்து, பள்ளிகளுக்கு அறிவியல் பெட்டி, கணக்குப் பெட்டி எல்லாம் அனுப்பியது. எங்கள் பள்ளிக்கும் வந்தது. வந்த அன்றே பீரோவுக்குள் போனது. உடைந்தால் எச்.எம். அல்லவா பதில் சொல்ல வேண்டும்! அவர் லீவு போட்ட நாளில் டீச்சர் பீரோவைத் திறந்துவிட்டார். லென்ஸால் வெயிலைக் குவித்துக் காகிதம் எரிக்கும் பாடம் நடந்தது. எரிந்தது இருப்புப் பதிவேட்டின் ஒரு மூலை என்பது தற்செயல் என்றுதான் ஊரில் இன்றும் பேச்சு.

இப்படிப்பட்டவருக்கு நல்லாசிரியர் விருது கிடைத்ததா என்றால், இல்லை. விண்ணப்பித்தார், வரவில்லை, ஒரு வருஷம் உர்ரென்று இருந்தார். கேட்காமலே தருவார்கள் என்று காத்திருக்கும் ரகமல்ல அவர். விருதை விடுங்கள், 1962 முதல் செப்டம்பர் 5இல் ஆசிரியர் தினம் என்று நாம் கொண்டாடும் ராதாகிருஷ்ணனும் கல்லூரிகளில் தத்துவம் போதித்த பேராசிரியர்தான். மூன்றாம் வகுப்பில் மூக்குச் சிந்திவிடுகிற வேலைக்கென்று ஒரு நாள் இந்த நாட்டில் கிடையாது. அந்த வேலையைச் செய்தவரை ஏணி என்று சொல்லாத ஊரும் உண்டு. குஜராத்தில் வக்கீல் தொழிலை விட்டுவிட்டு, பாவ்நகரில் 1920இல் பாலமந்திர் தொடங்கிய கிஜுபாய் பதேகாவை அங்கே ‘மீசை வைத்த அம்மா’ என்று சொல்வார்களாம். பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் வைத்த பெயர் என்பது கேட்டவுடனே தெரிகிறது. அவருடைய ‘பகல் கனவு’ டீச்சரிடம் அட்டை கிழிந்த நிலையில் இருந்தது. இரவல் வாங்கியவன் நான்தான். அதனால் இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

மேடையில் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் தாண்டிப் போன விஷயம் ஒன்று உண்டு. ஏணி வேலைநிறுத்தம் செய்யுமா? எங்கள் டீச்சர் செய்தார். 2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களுமாகச் சுமார் 1.7 லட்சம் பேரை அரசு வேலையைவிட்டு நீக்கியதே, அதில் அவரும் ஒருவர். பள்ளிக்கூடத்து வேப்ப மரத்தடியில் நின்று முழக்கம் போட்டபோது குரல் எங்களுக்கு ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த அதே உச்சத்தில் இருந்ததாம். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை அல்ல என்று சொல்லிவிட்டது. நிபந்தனையில்லாமல் மன்னிப்புக் கேட்டு, இனிச் செய்யமாட்டேன் என்று எழுதிக் கொடுப்பவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள ஏற்பாடானது.

எங்களை ‘இனிமேல் பேசமாட்டேன்’ என்று பக்கம் பக்கமாக எழுதவைத்தவர் அல்லவா? எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். ஓய்வுக்குப் பிறகு ஒரு நாள் அவர் வீட்டுத் திண்ணையில் வைத்துக் கேட்டேவிட்டேன்.

“எழுதிக் குடுத்துட்டேன்டா. நூறு தடவை எழுதச் சொல்லல, அதுவரைக்கும் லாபம்” என்றார். என் நகத்தையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

டீச்சர் பேரில் அறக்கட்டளை தொடங்கப்போகிறார்களாம், அடுத்த வாரம் கூட்டம். வாழைப்பழத்தை அங்கே வைத்துக்கொள்கிறேன். செயலாளர் பதவிக்கு என் பெயரையும் யாராவது முன்மொழிந்தால் மறுக்கமாட்டேன் என்பதைச் சம்பந்தப்பட்டவர்கள் கவனிக்கவும்.