துணி பிடித்துப் பார்க்கும் தம்பி

கொழும்பில் மேர்ச்சன்டைசிங் படிக்கிற தம்பி விடுமுறைக்கு வந்துவிட்டார் என்பது கல்யாண வீட்டில் முதலில் உங்கள் கழுத்துக்குத்தான் தெரியும். பின்னுக்கிருந்து ஒரு கை வரும். கொலரைப் புரட்டும். உள்ளே தைத்திருக்கிற துண்டை வாசிக்கும்.

"அண்ணை, அறுபத்தஞ்சு பொலியெஸ்டர், முப்பத்தஞ்சு கொட்டன். எவ்வளவு குடுத்தனீங்கள்?"

விலையைச் சொன்னால் இழவு விசாரிக்கிற முகம் வைப்பார். "எப்.ஓ.பி. மூண்டு டொலருக்கு மேல போகாது அண்ணை." எப்.ஓ.பி. என்றால் கப்பலில் ஏற்றிக் கொடுக்கிற வரைக்குமான விலையாம். என்ர சேட் எந்தக் கப்பலிலும் ஏறவில்லை, கிளிநொச்சிச் சந்தையில் தொங்கினது என்று சொல்லிப் பாருங்கள், காதில் விழாது.

என்ன படிப்பு என்று கேட்டால் அரை மணித்தியாலம் போகும். சுருக்கம் இதுதான்: கலியாணத் தரகர் வேலை. மாப்பிள்ளை வீடு நியூயோர்க்கில், பெண் வீடு இங்கே தையல் ஆலையில். விலை பேசி, மாதிரி உடுப்பைக் காட்டிச் சரி வாங்கி, நிறம் ஒத்துவருகிறதா என்று துண்டுத்துணி அனுப்பி, சொன்ன திகதிக்குக் கப்பலில் ஏற்றிவிட வேண்டும். தேங்காய் வாங்கி வரச் சொன்னால் தாயிடம் "லீட் டைம் எவ்வளவு?" என்று கேட்பதையும் இந்தப் படிப்பில்தான் சேர்க்க வேணும்.

ஆனால் அதெல்லாம் பொறுக்கலாம். இந்தத் துணி பிடிக்கிற விரல்தான் பொறுக்க ஏலாதது. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் ஒரு தேய்ப்பு, கண் பாதி மூடும், பிறகு ஒரு எண் வரும்: "நூற்று அறுபது ஜீ.எஸ்.எம்." வற்றாப்பளைப் பொங்கல் சனத்துக்குள், முன்னால் நிற்கிறவரின் சால்வை. செத்த வீட்டில், மேலே கட்டின வெள்ளை. கை எட்டாததால் கதிரையில் ஏறப் பார்த்தவரைச் சித்தப்பா இழுத்து இருத்தினார்.

"ஜீ.எஸ்.எம். பாக்கவேணும்" என்று அவர் சொல்ல, அம்மம்மா "ஜீ.எஸ். இண்டைக்கு ஒபிசில இருக்கமாட்டார் ராசா" என்றா.

போன முறை கையில் ஒரு கருவியோடு வந்தார். வட்டமாக, சம்பல் போத்தல் மூடி மாதிரிப் பெரிசாக இருக்கும். துணியில் வைத்து அமத்தித் திருப்பினால் நூறு சதுர சென்ரிமீற்றர் வட்டம் கச்சிதமாக வெட்டுப்பட்டு வரும். அதை நிறுத்து, கிராமை நூறால் பெருக்கினால் ஜீ.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீற்றர்த் துணியின் நிறை. விஞ்ஞானம் சரி. வெட்டினது தாத்தாவின் புதுச் சாரத்தில். வட்டத்தைக் கொண்டுபோய் நகைக்கடைத் தராசில் நிறுக்கக் கொடுக்க, கடைக்காரர் அடகுக்கோ என்று கேட்டாராம். தாத்தா அந்த ஓட்டைச் சாரத்தைத்தான் இப்பவும் கட்டுகிறார், ஓட்டை பின்பக்கம் வரும்படி.

2025 ஏப்ரலில் ட்ரம்ப் இலங்கைச் சாமானுக்கு 44 வீத வரி என்று சொன்னபோது தம்பிக்கு எங்கள் ஒழுங்கையே வகுப்பறை. ஓகஸ்டில் அது 20 ஆக இறங்கினதும் தான் பேசிக் குறைத்தது போல ஒரு நடை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அவரின் அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டா: "அப்ப ஓவர்டைம் இருக்குமோ?"

அக்கா கார்மென்ட்ஸில் தைக்கிறா. விடியமுன் பஸ் வரும். நாள் முழுக்கக் கை பொருத்துவதுதான் வேலை. மணிக்கு எத்தனை என்று லைன் தலைப்பில் பலகையில் எழுதியிருக்கும். தம்பியின் கொழும்பு அறை வாடகையும் படிப்புக் காசும் அந்தக் கையிலிருந்துதான் போகிறது. ஒருநாள் தம்பி கொண்டுவந்த மாதிரித் துணியை விரலால் தேய்த்துப் பார்க்காமல், வெளிச்சத்துக்குப் பிடித்து, "இது ரெண்டு தோய்ச்சலில முழங்காலில பொம்மும்" என்றா. தம்பி பேசாமல் கொப்பியை எடுத்து எழுதிக்கொண்டார். அன்றைக்கு எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

சிரிப்பை இதோடு விடுவம். யுத்தம் முடிந்தபின் வன்னிக்குப் பெரிய ஆலைகள் வந்தன. வவுனியாவில் ஒமேகா லைன், கிளிநொச்சியில் எம்.ஏ.எஸ். நிறுவனத்தின் விடியல், வானவில். வந்ததெல்லாம் பெரும்பாலும் தையல் மேசை. விலை பேசுகிற மேசை கொழும்பிலேயே நிற்கிறது. படிக்கிறதென்றாலும் இரத்மலானையில் உள்ள புடவை, ஆடை நிறுவகம், கட்டுபெத்தையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகம், இல்லாவிட்டால் கொழும்பில் காசு கட்டிப் படிக்கிற இடம் என்று தெற்குக்குத்தான் இரவு பஸ் ஏறவேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடம் இருக்கிறது, விவசாய பீடம் இருக்கிறது, 2016 இல் ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் வந்தது. அக்கா தைக்கிற உடுப்புக்குத் தம்பி விலை பேச மட்டும் முன்னூறு கிலோமீற்றருக்கு மேல் போகவேணுமோ?

ஆகவே ஆலைக்காரருக்கு ஒரு வேண்டுகோள். கிளிநொச்சியில் ஒரு மேர்ச்சன்டைசிங் மேசை போடுங்கள். பெடியன் வீட்டிலிருந்து வேலைக்கு வரட்டும். வெட்டுகிற துணியும் உங்களுடையதாக இருக்கட்டும்.