கலத்துள் பிரிவு: அந்தமான் படகுத் தம்பதியர் குறித்த ஓர் ஆய்வு

1. நுவல்பொருள்

கடல்வழிப் பயணத்தில் மகளிரை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியர் அகத்திணையியலில் நூற்பா செய்துவைத்தார். காரணம் சொல்லவில்லை. உரையாசிரியர்களும் பிரிவைக் தரைவழிக் காலிற் பிரிவு, கடல்வழிக் கலத்திற் பிரிவு என இரண்டாக வகுத்ததோடு அமைந்தனர். இரண்டிலும் தலைவன் போவான். தலைவி வீட்டில் இருப்பாள். இருவரும் ஒரே கலத்தில் ஏறினால் என்ன ஆகும் என்பது மட்டும் ஆராயப்படாமலே கிடக்கிறது. கல்யாணம் முடிந்த கையோடு சென்னையில் விமானம் ஏறி, அந்தமானில் இறங்கி, தீவுக்குத் தீவு ஃபெரியில் போய்வரும் தம்பதியர் பெருகிவிட்ட இக்காலத்தில் இக்குறையை இனியும் பொறுப்பதற்கில்லை.

இவ்வாய்வின் கருதுகோள்: சுற்றுலா ஏஜெண்டு விற்பது குறிஞ்சி மட்டுமே; படகு ஏறியவர்களுக்குக் கிடைப்பதோ ஐந்திணையும்.

2. முதற்பொருள்: நிலமும் பொழுதும்

நிலம், போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல் என்னும் முக்கோணம். 2018 டிசம்பர் 30 அன்று ஹேவ்லாக் சுவராஜ் தீவாகவும், நீல் ஷாஹீத் தீவாகவும் பெயர் மாறின. 2024இல் போர்ட் பிளேரும் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. ஆனால் ஹோட்டல் ரசீதிலும் ஆட்டோக்காரர் வாயிலும் பழைய பெயர்களே நிற்கின்றன. இதன் விளைவாகத் துறையில் கேட்கும் முதல் உரையாடல் பெரும்பாலும் இது: "ஏங்க, நாம ஹேவ்லாக்தானே போறோம்? டிக்கெட்ல வேற ஊர் பேரு போட்டிருக்கு." "அதெல்லாம் ஒண்ணுதான்." "உங்களுக்கு யார் சொன்னா?"

நீல் தீவில், பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறிய மக்கள் வாழ்கின்றனர். அங்கே பரத்பூர், லட்சுமண்பூர், சீதாபூர், ராம்நகர் என ஊருக்கும் கடற்கரைக்கும் ராமாயணப் பெயர்கள். விடியலைக் காணச் சீதாபூருக்கும் அஸ்தமனத்தைக் காண லட்சுமண்பூருக்கும் போக வேண்டும் என்பது வழக்கு. எந்த ஒரு கரையிலும் இரண்டும் கிட்டாது என்பதைத் தம்பதியர் கவனிக்க.

பொழுது இன்னும் சிக்கலானது. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு கணிக்கப்படுவது. அந்தமான் அதற்குச் சுமார் 10 பாகை கிழக்கே கிடக்கிறது. பாகைக்கு 4 நிமிடம் வீதம் சூரியன் அங்கே 40 நிமிடம் முந்திக்கொள்ளும். டிசம்பரில் மாலை 5 மணிக்கே இருட்டு கட்டும். "மெதுவா எழுந்து போகலாம்" என்ற கட்சிக்கும் "விடியக்காலையிலேயே கிளம்பணும்" என்ற கட்சிக்கும் இடையிலான போர் இந்தப் புவியியலில் தொடங்குகிறது என்க.

3. முல்லை: இருத்தல்

முல்லையின் உரிப்பொருள் இருத்தல். அதன் இன்றைய இடம் படகுத்துறை. தனியார் கட்டமரான் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் ஹேவ்லாக் போய்ச் சேரும். அரசுக் கப்பலுக்கு இரண்டரை மணி நேரம் வரை ஆகும். ஆனால் பயண நேரத்தைக் கணக்கிடுவோர் இருத்தலைக் கணக்கில் சேர்ப்பதில்லை. முன்கூட்டியே போய் வரிசையில் நிற்க வேண்டும், அடையாள அட்டை காட்ட வேண்டும், பையைச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். முல்லைத் தலைவி கார்காலம் வரும்வரை ஆற்றியிருந்தாள். இவளோ செல்பேசியில் சார்ஜ் தீரும்வரை ஆற்றியிருக்கிறாள்.

4. மருதம்: ஊடல்

பழைய மருதத்தில் ஊடலுக்குக் காரணம் பரத்தை. படகுத்துறையில் அந்த இடத்தை ஆதார் அட்டை பிடித்துக்கொண்டது.

"உன் ஹேண்ட்பேக்ல வச்சேன்னு நீதானே சொன்ன?"

"நான் சொன்னது ரூம் சாவி."

பின்னால் வரிசை நகர்கிறது. கைப்பை தரையில் கவிழ்க்கப்படுகிறது: சன்ஸ்கிரீன், ஹேர்பேண்ட், பாதி தின்ற முறுக்குப் பொட்டலம், நேற்றைய ஃபெரி டிக்கெட். அட்டைகள் கடைசியில் தலைவனின் சட்டைப் பையிலேயே இருக்கக் காணப்படும். பாணனைத் தூது விட வழியில்லாததால் தலைவன் சமோசா வாங்கி வருகிறான். இது வாயில் வேண்டலின் இக்கால வடிவம்.

ஊடலுக்கு இரண்டாம் நிலைக்களம் பழைய சிவப்பு 20 ரூபாய்த் தாள். அதன் பின்புறத்தில் இருப்பது நார்த் பே கலங்கரை விளக்கமும் தென்னைகளும். 2019இல் வந்த புதுத் தாளில் எல்லோரா வந்துவிட்டதால், நேரில் காணும் விளக்கத்தோடு சேர்த்துப் படமெடுக்கப் பழைய தாளைத் தேடிப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். தலைவி தாளை நீட்டிப் பிடிக்க, தலைவன் குனிந்து கேமராவில் ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறான். விளக்கமும் தாளும் நேர்கோட்டுக்கு வரும் அதே கணத்தில் படகு திரும்பும். "கொஞ்சம் மேல தூக்கு" என்பதற்கும் "எவ்வளவு நேரம்தாங்க தூக்குறது" என்பதற்கும் இடைப்பட்ட காலமே ஊடற்காலம்.

5. பாலை: பிரிவு

இங்கே இவ்வாய்வின் புதுக்கண்டுபிடிப்பு அமைகிறது. தாமதமாகப் பதிவு செய்தவர்களுக்குச் சேர்ந்தாற்போல் இருக்கை கிடைக்காது. தலைவன் முன்வரிசையில், தலைவி பின்வரிசையில். நடுவே ஒரு சுற்றுலாக் குழுவும் அதன் சிப்ஸ் பொட்டலங்களும். இருவரும் ஒரே கலத்தில், ஒரே திசையில், ஒரே வேகத்தில் போகிறார்கள். எனினும் பிரிந்தே போகிறார்கள். இதைக் காலிற் பிரிவு என்பதா, கலத்திற் பிரிவு என்பதா? இரண்டிலும் அடங்காமையின் இது கலத்துள் பிரிவு எனத் தனியே வகுக்கப்படுகிறது. இதன் மெய்ப்பாடு, எழுந்து நின்று கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, ஊழியர் அதட்டியதும் உட்கார்வது.

6. நெய்தல்: இரங்கல்

உள்காது ஆட்டத்தை உணர்கிறது. கண்ணோ அசையாத இருக்கையைக் காண்கிறது. இவ்விரண்டின் சாட்சியம் முரண்படும்போது வயிறு தீர்ப்பு எழுதும். கட்டமரானின் குளிரூட்டிய, கண்ணாடி அடைத்த அறையில் இம்முரண் மிகும். அரசுக் கப்பலின் திறந்த தளத்தில் நின்று தொடுவானத்தைப் பார்ப்போருக்குச் சற்றே தணியும். ஆகவே வேகமும் குளிர்ச்சியும் வேண்டிக் கூடுதல் காசு கொடுத்தவர்கள், அதே காசுக்கு இரங்கலையும் வாங்கிக்கொள்கிறார்கள். குமட்டல் தடுக்கும் அவோமின் மாத்திரையைக் கப்பல் ஏறுமுன்பே விழுங்க வேண்டும். அலை தூக்கிப் போட்ட பின் தேடுவது பயன் தராது.

இரங்கலின் உச்சம் ஃபெரி ரத்தாவது. சென்னையின் மரங்களைச் சாய்த்த அதே வர்தா புயல், 2016 டிசம்பரில், அதற்கு முன்பே ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகளைச் சிக்க வைத்தது. கடற்படைக் கப்பல்கள் வந்தே அவர்களை மீட்டன.

7. குறிஞ்சி: புணர்தல்

ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரையை 2004இல் டைம் இதழ் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்றது. மாலையில் மணல் வெள்ளியாகும், இருவரும் பேசாமல் உட்கார்ந்திருப்பர். ஏஜெண்டின் விளம்பரத்தில் வருவது இது மட்டுமே. இதைப் பற்றி ஆய்வாளர் மேலும் எழுதுவது நாகரிகமன்று.

8. மறுப்பும் விடையும்

படகே இல்லாமல் தீவு தாவியோர் இலரோ எனின், உளர். கூப்பில் மரம் இழுக்க வந்த யானைகள் தீவுக்குத் தீவு நீந்தப் பழக்கப்பட்டன. அவற்றுள் புகழ்பெற்ற ஹேவ்லாக் ராஜன் 2016இல் இறந்தது. அது துணையின்றி நீந்தியதாகையால் இவ்வாய்வெல்லைக்குள் வாராது. அதனிடம் ஆதாரையும் எவரும் கேட்கவில்லை.

9. முடிபு

தொல்காப்பியர் காரணம் சொல்லாதது அறியாமையால் அன்று. கலத்துள் பிரிவைக் கண்டிருந்தும், கணவன்மார் மானம் கருதி மறைத்தார் என்பதே இவ்வாய்வின் துணிபு. எனவே நூற்பாவை நீக்க வேண்டியதில்லை. ஒரு புறனடை சேர்த்தால் போதும். அடையாள அட்டை யார் பொறுப்பு என்பதை வீட்டிலேயே முடிவு செய்த தம்பதியர் கடல் கடக்கலாம். சேர்ந்தாற்போல் இருக்கை வேண்டுவோர் முன்பே பதிவு செய்க. ஃபெரி ரத்தானால் விமானம் காத்திராது. ஆகவே ஊர் திரும்பும் நாளுக்கு முதல்நாளே போர்ட் பிளேர் வந்து சேர்ந்துவிடுங்கள்.